1977 மார்ச்: இரண்டு நாடுகள், இரண்டு தேர்தல்கள்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால், விலைவாசி, மருமகள், முட்டிவலி எல்லாம் முடிந்து கடைசியில் பேச்சு அரசியலுக்கு வந்துவிடும். அதில் ஒருவராவது இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார்: "நாட்டைப் பேசாம ஒரு அஞ்சு வருசம் மிலிட்டரிக்காரங்க கையில குடுத்துப்போடோணுமுங்க. அப்பத்தான் உருப்படும்." மற்ற மூவரும் தலையாட்டுவார்கள். இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. எந்தத் தேர்தல் முடிந்தாலும் தோற்றவர் மிஷினைக் குறை சொல்கிறார், அல்லது வாக்காளர் பட்டியலைக் குறை சொல்கிறார். "தேர்தலே பொய், அப்புறம் என்ன ஜனநாயகம்?" என்று பேச்சு நீள்கிறது.

இந்த இரண்டு பேச்சும் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்து வீட்டிலேயே பாடம் இருக்கிறது. ஏட்டில் தேட வேண்டியதில்லை. நம் எல்லோருக்கும் வாலிப வயதாக இருந்த 1977-ஆம் வருஷத்தை நினைத்துப் பார்த்தால் போதும்.

அந்த வருஷம் மார்ச் 7-ஆம் தேதி பாகிஸ்தானில் பொதுத்தேர்தல். மார்ச் 16 முதல் 20 வரை இந்தியாவில் பொதுத்தேர்தல். இடையில் பத்து நாள்கூட இல்லை. இரண்டு நாட்டிலும் பதவியில் இருந்தவர்கள் செல்வாக்கான, பிடிவாதமான தலைவர்கள். அங்கே ஜுல்பிகர் அலி புட்டோ, இங்கே இந்திரா காந்தி. இருவருமே அந்த ஜனவரியில்தான் திடீரென்று தேர்தலை அறிவித்தார்கள். புட்டோ 7-ஆம் தேதி, இந்திரா 18-ஆம் தேதி. இரண்டு நாட்டிலும் சிதறிக் கிடந்த எதிர்க்கட்சிகள் அவசர அவசரமாக ஒன்று சேர்ந்தன. அங்கே ஒன்பது கட்சிகள் கூடிப் பாகிஸ்தான் தேசியக் கூட்டணி ஆயிற்று, இங்கே ஜனதா. இரண்டு ராணுவமும் ஒரே வெள்ளைக்காரன் வளர்த்த ராணுவம். தளபதிகள் ஒரே மாதிரி அகாடமிகளில் படித்தவர்கள். இவ்வளவு ஒற்றுமை இருந்தும், நான்கு மாதம் கழித்துப் பார்த்தால் ஒரு நாட்டில் புதுப் பிரதமர் கோப்புப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு நாட்டில் ராணுவத் தளபதி நாட்டையே எடுத்துக்கொண்டிருந்தார். ஏன் இப்படி ஆயிற்று என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

முதலில் பாகிஸ்தான் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

வாக்கு எண்ணியபோது 200 இடங்களில் புட்டோவின் மக்கள் கட்சிக்கு 155. கூட்டணிக்கு 36 மட்டும். கூட்டங்களுக்கு வந்த ஜனத்தைப் பார்த்தவர்களால் அந்தக் கணக்கை நம்ப முடியவில்லை. லார்க்கானா தொகுதியில் புட்டோ போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். எதிர்த்து நிற்க வந்தவரை மனுத் தாக்கல் செய்யவிடாமல் பிடித்து வைத்திருந்தார்கள் என்று புகார். மூன்று நாள் கழித்து நடந்த மாகாணத் தேர்தலைக் கூட்டணி புறக்கணித்தது. ஊர்வலம், கடையடைப்பு, துப்பாக்கிச் சூடு. நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள்.

விவரம் தெரிந்த பலரும் சொல்வது, புட்டோ நேர்மையாக நடத்தியிருந்தாலும் ஜெயித்திருப்பார் என்பதுதான். இருந்தும், எவ்வளவு ஓட்டுத் திருடப்பட்டது என்ற கேள்வியைக் கேட்டு நம்பும்படியான பதில் வாங்க அந்த நாட்டில் ஓர் இடம் இல்லை. தேர்தல் ஆணையத்தை யாரும் நம்பவில்லை. நீதிமன்றத்துக்குப் போகலாம் என்ற பொறுமையும் இல்லை. ஆகவே கேள்வி தெருவுக்கு வந்தது. தெருவுக்கு வந்த கேள்வியை அடக்கப் போலீஸ் போதவில்லை. ஏப்ரல் 21-ஆம் தேதி கராச்சி, லாகூர், ஹைதராபாத் (சிந்துவில் உள்ளது) மூன்று நகரங்களில் புட்டோவே ராணுவச் சட்டத்தைக் கொண்டுவந்தார். வாசற்படியைத் திறந்துவிட்டவர் அவர்தான். இதை மறக்கக் கூடாது.

எதிர்க்கட்சிப் பக்கமும் பாருங்கள். கூட்டணித் தலைவர்களில் ஒருவர் அஸ்கர் கான். பாகிஸ்தான் விமானப் படையின் முன்னாள் தளபதி. அவர் ராணுவ அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார்: சட்டவிரோதமான உத்தரவுக்குக் கீழ்ப்படிய வேண்டியது உங்கள் கடமை அல்ல என்பது அதன் சாரம். ஆக, ஆட்சியில் இருப்பவரும் ராணுவத்தைக் கூப்பிடுகிறார், எதிர்ப்பவரும் ராணுவத்தைப் பார்த்துப் பேசுகிறார். நாட்டின் வழக்குக்கு நடுவர் யார் என்பதை இரண்டு கட்சிக்காரர்களுமே சேர்ந்து ராணுவத்துக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஜூன் மாதம் இரு தரப்பும் பேச உட்கார்ந்தன. அக்டோபரில் மறுதேர்தல் என்பது வரை வந்துவிட்டார்கள். ஜூலை 4-ஆம் தேதி இரவு ஒப்பந்தம் கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது. 5-ஆம் தேதி விடிவதற்குள் ஜெனரல் ஜியா உல் ஹக் எல்லோரையும் பிடித்து உள்ளே வைத்துவிட்டார். அந்த நடவடிக்கைக்கு அவர்கள் வைத்த பெயர் 'நியாயமான ஆட்டம்' என்ற பொருள்படும். தொண்ணூறு நாளில் தேர்தல் நடத்திவிட்டு முகாமுக்குத் திரும்பிவிடுவேன் என்றார். அந்தத் தொண்ணூறு நாள் பதினோரு வருஷம் ஆயிற்று. 1988 ஆகஸ்ட் 17-இல் விமானம் விழுந்து அவர் இறந்த பிறகுதான் கட்சிகள் போட்டியிட்ட அடுத்த பொதுத்தேர்தல் நடந்தது.

ஜியாவைத் தளபதி ஆக்கியவர் புட்டோ. தன்னைவிட மூத்த பலரைத் தாண்டி 1976-இல் அவரைத் தேர்ந்தெடுத்தார். 1979 ஏப்ரல் 4-ஆம் தேதி ராவல்பிண்டி சிறையில் புட்டோவைத் தூக்கில் போட்டார்கள். ராணுவத்துக்குக் கடிதம் எழுதிய அஸ்கர் கானோ அதே வருஷம் அக்டோபர் முதல் ஐந்து வருஷம் வீட்டுக்காவலில் இருந்தார். கூப்பிட்டவர் இருவருக்கும் கிடைத்த கூலி இது.

பாகிஸ்தானுக்கு இது முதல் தடவையும் அல்ல. 1970 டிசம்பரில் நடந்த தேர்தலில் ஷேக் முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக் பொது இடங்கள் 300-இல் 160 பிடித்தது. அந்தத் தேர்தலை யாரும் கள்ளத் தேர்தல் என்று சொல்லவில்லை. ஆனால் முடிவு பிடிக்கவில்லை. 1971 மார்ச் 3-ஆம் தேதி கூட வேண்டிய சபையை, 1-ஆம் தேதி யாஹியா கான் தள்ளிப் போட்டார். 25-ஆம் தேதி இரவு டாக்காவில் ராணுவம் சுடத் தொடங்கியது. பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஒரு கோடிப் பேர் நம் நாட்டுக்கு அகதிகளாக ஓடி வந்தார்கள். அந்த வருஷம் நவம்பர் முதல் நாம் போட்ட ஒவ்வொரு கடிதத்திலும் ஐந்து பைசா அகதிகள் நிவாரணத் தபால்தலை கூடுதலாக ஒட்டினோமே, ஞாபகம் இருக்கிறதா? அடுத்த நாட்டில் ஒரு தேர்தல் முடிவை ராணுவம் ஒப்புக்கொள்ளாததற்கு இந்தியாவில் கடிதம் போட்டவர்கள் எல்லாம் வரி கட்டினோம்.

இனி நம் கதை.

நம்முடையதும் சர்ச்சைக்குரிய தேர்தலில் இருந்துதான் தொடங்குகிறது. 1971-இல் ரேபரேலியில் இந்திரா காந்தி ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். தோற்ற ராஜ் நாராயண் தெருவுக்குப் போகவில்லை, அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். நான்கு வருஷம் வழக்கு நடந்தது. 1975 ஜூன் 12-ஆம் தேதி நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா பிரதமரின் தேர்தல் செல்லாது என்றார். அரசாங்க அதிகாரியைத் தேர்தல் வேலைக்குப் பயன்படுத்தியது, மாநில அரசு ஊழியர்களைக் கொண்டு மேடையும் மின்சாரமும் போடச் செய்தது ஆகிய இரண்டும்தான் காரணம். ஜூன் 24-இல் உச்ச நீதிமன்றத்தில் கிருஷ்ணய்யர் நிபந்தனையோடு தடை கொடுத்தார். மறுநாள் மாலை டெல்லி ராம்லீலா மைதானத்தில் ஜெயப்பிரகாஷ் நாராயண், சட்டவிரோத உத்தரவுக்குப் போலீசும் ராணுவமும் கீழ்ப்படிய வேண்டாம் என்று பேசினார். அன்று இரவே நெருக்கடி நிலை. படையைக் கலகத்துக்குத் தூண்டுகிறார்கள் என்பது அரசு சொன்ன காரணங்களில் ஒன்று.

பாருங்கள், அஸ்கர் கான் எழுதியதும் ஜே.பி. பேசியதும் கிட்டத்தட்ட ஒன்றே. இரண்டு நாட்டிலும் அதே வார்த்தைதான் புறப்பட்டது. ஆனால் இங்கே ராணுவம் அந்தப் பக்கமும் வரவில்லை, இந்தப் பக்கமும் வரவில்லை.

இதற்குக் காரணம் நம் ஜவான்கள் தங்கமானவர்கள், அவர்கள் ஜவான்கள் பித்தளை என்பதல்ல. காரணங்கள் சாதாரணமானவை, கொஞ்சம் கொஞ்சமாக, கோப்பு கோப்பாகச் செய்து வைத்தவை. வெள்ளைக்காரன் காலத்தில் தலைமைத் தளபதி என்றால் வைஸ்ராய்க்கு அடுத்த பெரிய மனிதர். டெல்லியில் அவர் குடியிருந்த மாளிகைதான் பிற்பாடு நேரு குடியேறிய தீன்மூர்த்தி பவன். யார் வீட்டில் யார் குடியேறினார் என்பதிலேயே ஒரு செய்தி இருந்தது. 1955-இல் தலைமைத் தளபதி என்ற பதவியையே எடுத்துவிட்டார்கள். தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் தனித்தனித் தளபதி, மூவரும் சமம், மூவருக்கும் மேலே பாதுகாப்பு அமைச்சர். இதே காலத்தில் பாகிஸ்தானில் என்ன நடந்தது? 1954-இல் அயூப் கான் தளபதியாக இருந்துகொண்டே பாதுகாப்பு அமைச்சரும் ஆனார். தன் கோப்பில் தானே மேலதிகாரியாகக் கையெழுத்துப் போடும் குமாஸ்தாவை எந்த ஆபீசிலாவது வைப்பார்களா? நாலே வருஷத்தில், 1958 அக்டோபரில், நாடு அவர் கைக்குப் போய்விட்டது.

இன்னொன்று பழக்கம். 1970-க்குள் நாம் நான்கு பொதுத்தேர்தல் பார்த்துவிட்டோம். பாகிஸ்தானில் வயது வந்தோர் எல்லோரும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தலே 1970-இல்தான். ஓட்டுப் போடப் பழகும் முன்பே ராணுவச் சட்டத்துக்குப் பழகிவிட்டார்கள். நம் கொங்கு நாட்டுக் குமாரமங்கலத்தைச் சேர்ந்த ஜெனரல் பி.பி.குமாரமங்கலம் 1966 முதல் 1969 வரை தரைப்படைத் தளபதியாக இருந்தார். 1967-இல் பல மாநிலங்களில் ஆட்சி மாறி, டெல்லியே ஆடிக்கொண்டிருந்த காலம் அது. தவணை முடிந்ததும் ஓய்வு பெற்றுப் போனார், அவ்வளவுதான். செய்தியே இல்லாத அந்த ஓய்வுதான் பெரிய செய்தி.

ஆனால் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். ராணுவம் வராததால் மட்டும் 1975-இல் நாம் பிழைத்துவிடவில்லை. பத்திரிகைத் தணிக்கை, மிசா கைது, சென்னைச் சிறையில் அடிபட்டுப் பிறகு இறந்த முன்னாள் மேயர் சிட்டிபாபு, 1976 ஜனவரி 31-இல் கலைக்கப்பட்ட தமிழ்நாட்டு அரசு ஆகிய இவற்றுக்கெல்லாம் ஒரு சிப்பாயும் தேவைப்படவில்லை. போலீசும், ஆபீஸும், ரப்பர் ஸ்டாம்பும் போதுமாக இருந்தது. துப்பாக்கி இல்லாமலும் ஜனங்களின் வாயைக் கட்ட முடியும் என்பதை அரசு ஊழியர்களான நாங்கள் உள்ளே இருந்து பார்த்தோம். எல்லைப்புற மாநிலங்களில் வருஷக்கணக்காக ராணுவத்தின் நடுவே வாழ்ந்தவர்களைக் கேட்டால், அவர்கள் சொல்லும் கதை இன்னும் வேறாக இருக்கும்.

அதனால்தான் 1977 மார்ச் முக்கியம். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து சில வருஷமே ஆன எழுத்தர். திருப்பூர் அன்று கோவை மாவட்டத்தில் இருந்தது. எங்களுக்கெல்லாம் வாக்குச்சாவடிப் பணி. காலையில் ஏஜெண்டுகள் முன்னால் காலிப் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டி, காகித முத்திரை வைத்து அவர்களிடம் கையெழுத்து வாங்குவோம். சாயங்காலம் வந்த சீட்டு எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு, மீதி எவ்வளவு என்று கணக்கு எழுதி முடிக்க ராத்திரி ஆகிவிடும். சலிப்பான வேலை. ஆனால் நாடு முழுக்க லட்சக்கணக்கான பேர் செய்த அந்தச் சலிப்பான வேலையால்தான், முடிவு வந்தபோது அதை யாராலும் மறுக்க முடியவில்லை. தமிழ்நாட்டில் காங்கிரஸும் அ.தி.மு.க.வும் சேர்ந்து பெருவாரியாக ஜெயித்ததால் இங்கே அலை தெரியவில்லை. வடக்கே காங்கிரஸ் துடைத்தெறியப்பட்டது. மொத்தத்தில் 154 இடம். ரேபரேலியில் அதே ராஜ் நாராயணிடம் பிரதமர் 55,202 வாக்கில் தோற்றார்.

ஒரு நிமிஷம் அந்த ரேபரேலி எண்ணிக்கை மையத்தை நினைத்துப் பாருங்கள். நெருக்கடி நிலை அப்போதும் அமலில் இருக்கிறது. மிசா இருக்கிறது. தோற்றுக்கொண்டிருப்பவர் நாட்டின் பிரதமர். அங்கே உட்கார்ந்திருந்த தேர்தல் அதிகாரி ஒரு சாதாரண மாவட்ட அதிகாரி. அவருக்கும் குடும்பம், இடமாற்றம், ரகசியக் குறிப்பு எல்லாம் உண்டு. அவர் பிரதமர் தோற்றார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மார்ச் 21-இல் நெருக்கடி நிலை விலக்கப்பட்டது. 22-இல் இந்திரா ராஜினாமா செய்தார். 24-இல் மொரார்ஜி பதவி ஏற்றார். தளபதி ரெய்னாவின் ராணுவம் முகாமை விட்டு அசையவில்லை. தோற்றவர் முடிவை ஏற்றுக்கொண்டார். மூன்று வருஷத்துக்குள் அதே வாக்குப் பெட்டி வழியாகத் திரும்பியும் வந்தார். புட்டோவுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிக் காரியத்துக்கு உலகமே பயன்படுத்தும் சொல் பிரெஞ்சுச் சொல்: 'கூ தெத்தா'. 'கூ' என்றால் அடி. அரசின் மேல் விழும் அடி. நம் பத்திரிகைகள் இதை 'ராணுவப் புரட்சி' என்று எழுதிவந்தன. புரட்சி என்றால் கீழே இருப்பவன் மேலே வருவது. இது மேலே இருப்பவன் இன்னும் மேலே ஏறுவது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்ததாலோ என்னவோ, நம் ஆட்களுக்கு அதன்மேல் ஓர் ஆசை. பள்ளியில் எங்களுக்குச் சொல்லித்தந்த உதாரணம் லூயி நெப்போலியன். 1848-இல் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட வாக்கு வாங்கி முறையாக ஜனாதிபதி ஆனவர். மறுபடி நிற்கச் சட்டத்தில் இடமில்லை என்றதும் 1851 டிசம்பர் 2-ஆம் தேதி ராணுவத்தை இறக்கிச் சபையைக் கலைத்தார். அதே மாதம் ஜனங்களிடம் வாக்கெடுப்பும் நடத்தி, எழுபது லட்சத்துக்கு மேல் 'சம்மதம்' வாங்கிக் காட்டினார். அடுத்த வருஷம் சக்கரவர்த்தி. எதிர்த்த விக்தோர் யூகோ பத்தொன்பது வருஷம் வெளிநாட்டில் கழித்தார். சிப்பாய் பக்கத்தில் நிற்கும்போது எண்ணும் வாக்கு எப்போதும் அமோகமாகத்தான் இருக்கும்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்காதீர்கள். மியான்மரில், அதாவது நம் பர்மாவில், 2020 நவம்பர் 8-ஆம் தேதி தேர்தல். ஆங் சான் சூகியின் கட்சிக்கு 396 இடம், ராணுவத்தின் ஆதரவுக் கட்சிக்கு 33. வாக்காளர் பட்டியலில் ஒரு கோடிக் குளறுபடி என்றது ராணுவம். தேர்தல் ஆணையம் ஆதாரம் இல்லை என்றது. புதிய நாடாளுமன்றம் கூட வேண்டிய 2021 பிப்ரவரி 1-ஆம் தேதி விடியற்காலை தலைவர்களைப் பிடித்து வைத்து, ஓராண்டு நெருக்கடி நிலை என்று அறிவித்தார்கள். ஓராண்டு முடிந்ததும் நீட்டினார்கள், நீட்டிக்கொண்டே போனார்கள். நாடு உள்நாட்டுப் போரில் விழுந்தது. அந்த ஊர் ராணுவத்தின் குணத்தைத் தமிழர்கள் முன்பே பார்த்திருக்கிறார்கள். 1962 மார்ச் 2-இல் நே வின் ஆட்சியைப் பிடித்த பிறகு கடைகளை நாட்டுடைமை ஆக்கினார். 1964-இல் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகளைச் செல்லாதாக்கினார். மூன்று தலைமுறை உழைத்த குடும்பங்கள் ஒரு பெட்டியோடு கப்பல் ஏறின. சென்னையில் பர்மா பஜார் வந்த கதை அதுதான்.

நம் பனியன் ஊருக்கும் இதில் பாடம் உண்டு. வங்கதேசத்தில் 2007 ஜனவரியில், தேர்தல் தகராறு முற்றி, ராணுவத்தின் பக்கபலத்தோடு ஓர் இடைக்கால அரசு வந்து இரண்டு வருஷம் இருந்தது. பிற்பாடு நடந்த தேர்தல்கள் மேலும் நம்பிக்கை இழந்து, 2024 ஆகஸ்ட் 5-இல் ஷேக் ஹசீனா நாட்டை விட்டே ஓட வேண்டி வந்தது. அதை நாட்டுக்கு அறிவித்தவர் ராணுவத் தளபதி. அப்போது இங்கே "அங்கே கலவரம் என்றால் நமக்கு ஆர்டர்" என்று சிலர் சந்தோஷப்பட்டார்கள். நூல் மில்காரர்களைக் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள். நம் நூலை அதிகம் வாங்குகிற நாடு அது. நாளைக்கு யார் அரசு, எல்.சி. செல்லுமா, துறைமுகம் திறக்குமா என்று தெரியாத ஊரோடு யாரும் வியாபாரம் செய்ய முடியாது. மிலிட்டரி வந்தால் ஒழுங்கு வரும் என்று நினைப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அப்படியானால் தேர்தலைப் பற்றிச் சந்தேகமே கேட்கக் கூடாதா? கட்டாயம் கேட்க வேண்டும். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். முடிவில் குறை இருந்தால் நாற்பத்தைந்து நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட வழி இருக்கிறது. ஒரு பிரதமரின் தேர்தலையே அந்த வழியாகச் செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொல்லிக் காட்டிய நாடு இது. ஆணையமும் நீதிமன்றமும் கேட்ட கேள்விக்கு ஜனங்கள் நம்பும்படி, காலத்தில் பதில் சொல்ல வேண்டும்; அது அவர்கள் பாரம். கேட்கிற இடம் அடைபட்டால்தான் கேள்வி தெருவுக்குப் போகும். தெருவுக்குப் போன கேள்விக்குப் பதில் சொல்லத்தான் சீருடைக்காரர் வருவார். வந்தவர் தொண்ணூறு நாள் என்றுதான் சொல்வார்.

ஆகவே அடுத்த தடவை யாராவது மிலிட்டரி ஆட்சி வேண்டும் என்றால், சண்டை போடாதீர்கள். ஜியாவின் தொண்ணூறு நாளையும், நாம் ஒட்டிய ஐந்து பைசா தபால்தலையையும் மட்டும் சொல்லுங்கள். 1977-இல் தேர்தல் பணி பார்த்த நண்பர்கள் இருந்தால் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல நம்மை விட்டால் ஆளில்லை.